இரு சக்கரமும் ஆறு சக்கரமும்

(அம்பத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பகலெல்லாம் பட்டறையிலே பாடுபட்டு, வீடு திரும்பும் வழியிலே வியர்வை உலருமுன் இங்கு வந்து நின்று கேட்கும் தோழர்களே! இந்தப் பேச்சை ஏட்டிலே காணப்போகும் ஞாயிற்றுக்கிழமை வாசகரே!

முடிசாய்ந்த மன்னர்களைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். மேடையேறியவன் நாட்டைப் பற்றிப் பேசுவான், மொழியைப் பற்றிப் பேசுவான் என்று காத்திருந்தோம், இவன் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறானே என்றுதானே சிரிக்கிறீர்கள்? நாடு என்பது என்ன தோழர்களே? காலையிலே வீட்டைவிட்டுப் புறப்பட்டு வேலைக்குப் போய், மாலையிலே முழுதாக வீடு திரும்பும் மனிதர்களின் கூட்டந்தானே நாடு! அந்தப் போக்கும் வரத்தும் நரகமாக இருக்கிறதென்றால், அதைப் பேசாமல் வேறெதைப் பேசி என்ன பயன்?

எந்த ஊரில் நின்று பேசுகிறேன் என்பதை முதலில் எண்ணிப்பாருங்கள். ஜெர்மனியிலே 1817-ஆம் ஆண்டு டிரைஸ் என்பவர் மரத்தால் இரு சக்கர வண்டி ஒன்றைச் செய்து, காலால் தரையை உந்தி உந்தி ஓட்டினார். 1885-இல் இங்கிலாந்திலே ஸ்டார்லி என்பவர் சங்கிலி பூட்டி, இரு சக்கரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, இன்று நாம் காணும் உருவத்தைக் கொடுத்தார். 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்லிலே குதிப்பதைக் கண்டு மனம் பொறாமல், காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்திலே சுற்றிப் பார்த்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த டன்லப்பின் பெயரைத் தாங்கிய டயர் ஆலை எங்கே எழுந்தது? இதே அம்பத்தூரில்! இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு முருகப்பா குழுமம் கைகோத்து, 1949-ஆம் ஆண்டு தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழில் எங்கே வேர்விட்டது? இதே அம்பத்தூரில்! ஹெர்குலிஸ் என்றும் பி.எஸ்.ஏ. என்றும் பெயர் பொறித்துக்கொண்டு, தென்னாட்டின் தெருவெங்கும் மணியடித்துச் சென்றதே மிதிவண்டி, அதற்குப் பிறந்த வீடு இது.

பக்கத்திலே ஆவடி. போர்க்களத்துக்கு டாங்கி செய்து அனுப்பிய ஊர். டாங்கிக்கு இங்கே இடமிருந்தது. தொழிற்பேட்டைக்கு இடமிருந்தது. லாரிகள் வரிசைகட்டி நிற்க இடமிருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ப் பாருங்கள். நிழற்குடை இருக்கும், அதன் நெற்றியிலே யாரோ ஒருவருடைய சிரித்த முகம் இருக்கும், பக்கவாட்டிலே நகைக்கடை விளம்பரம் இருக்கும். அங்கே ஒரு தொழிலாளி தன் மிதிவண்டியைப் பூட்டி வைக்க, ஒரு முழ நீளம் இரும்பு வளையம் இருக்கிறதா? இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். மாலையோடு வந்து வணங்குகிறேன்.

ஒரு தங்கையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவளைப்போல் பலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அம்பத்தூருக்கு வடக்கே, வயலாகக் கிடந்து மனைப்பிரிவாக மாறிய இடத்தில் வீடு. தொழிற்பேட்டையிலே தையல் வேலை. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. மாதம் மிச்சமாகும் பணத்திலே மகனுக்குப் பால் வாங்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். நல்ல கணக்குத்தான். ஆனால் கட்டணமில்லாப் பேருந்து அவள் வீட்டு வாசலிலே நிற்கவில்லை, நெடுஞ்சாலையிலே நின்றது. வீட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இரண்டரைக் கிலோமீட்டர். நடந்தால் அரை மணிக்குக் குறையாது. ஆகவே ஷேர் ஆட்டோ. போகும்போது இருபது ரூபாய், வரும்போது இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாற்பது. இருபத்தைந்து வேலை நாளுக்கு ஆயிரம் ரூபாய்! பெரும்பயணம் இலவசம், சிறுபயணத்துக்கு ஆயிரம். அரசு கொடுத்ததை அந்த இரண்டரைக் கிலோமீட்டர் வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டது.

அந்தத் தங்கைக்கு மிதிவண்டி இல்லையா? இருந்தது! பதினோராம் வகுப்பிலே அரசு கொடுத்த வண்டி. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்து வருகிறதே, அதிலே ஒன்று. கூடத்து மூலையிலே சாய்ந்து கிடக்கிறது. “ஏம்மா, அதை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனால் பத்து நிமிடந்தானே?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். “போகலாம் அண்ணே! போய்? வண்டியை எங்கே விடுவது? தலையிலே தூக்கி வைத்துக்கொண்டா பஸ் ஏறுவது?” என்றாள்.

நான் நாடகம் எழுதுகிறவன். நாலு பக்கம் வசனம் எழுதினாலும் இப்படி ஒரு வரி எனக்கு வாய்க்காது.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் அந்தத் துன்பத்தை நானும் பட்டவன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், அப்பாவின் பழைய வண்டியை நெடுஞ்சாலை வரை மிதித்து வந்து, ஒரு தேநீர்க் கடைக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்திலே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறுவேன். மரத்துக்கு வாடகையில்லை, கடைக்காரர்க்கு நாளும் ஒரு தேநீர் கணக்கு. ஒருநாள் மாலை திரும்பி வந்தேன். மரம் இருந்தது. சங்கிலி இருந்தது. வண்டி இல்லை! அன்று அப்பா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து, வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஆலைக்கு நடந்து போனார். அந்த முதுகை இன்றும் நான் மறக்கவில்லை. அதனால்தான் நான் கல்லூரிப் படிப்பை விட்டேன் என்று சொல்லி உங்கள் கண்ணீரைக் கறக்க மாட்டேன். படிப்பை நான் விட்டதற்கு என் சோம்பலும் நாடக மேடையுமே பெரும் காரணம். ஆனால் முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போய், வாசலிலே நின்று, பிறகு போகவே கூசியவர்களின் பட்டியலை எடுத்தால், அதிலே என் பெயரும் இருக்கும்.

இனிக் கொஞ்சம் கணக்குப் பேசுவோம். கணக்கென்றதும் எழுந்துவிடாதீர்கள், எனக்கும் கணக்குக்கும் பகை. இது விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு.

பேருந்துக்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க யாருக்கும் மனமிராது. பத்து நிமிட நடை என்பது ஏறத்தாழ எண்ணூறு மீட்டர். ஆகவே ஒரு நிறுத்தத்தைச் சுற்றி எண்ணூறு மீட்டர் ஆரத்திலே ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் குடியிருப்பவர்க்குத்தான் அந்தப் பேருந்து. அதே பத்து நிமிடத்தில், அவசரப்படாமல் மிதித்தால், மிதிவண்டியிலே இரண்டே கால், இரண்டரைக் கிலோமீட்டர் வரலாம். நடையைப்போல் மூன்று மடங்கு தூரம். தூரம் மூன்று மடங்கானால் வட்டத்தின் பரப்பு எத்தனை மடங்கு? மூன்றல்ல தோழர்களே, ஒன்பது! பள்ளியிலே படித்ததுதான். ஒரு பேருந்துகூடக் கூடுதலாக வாங்காமல், ஓர் ஓட்டுநரைக்கூடப் புதிதாக நியமிக்காமல், அந்த நிறுத்தம் ஒன்பது மடங்கு நிலப்பரப்புக்குச் சேவை செய்யும். வேண்டியதெல்லாம் வந்த வண்டியை வைக்க ஓர் இடம்.

இந்த ஊருக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? அம்பத்தூர் பழைய ஊர்போல் நெருங்கிக் கிடக்கவில்லை, பரந்து கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் மூன்று இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த ஊர், 2011-இல் நான்கரை இலட்சத்தையும் தாண்டியது. அதே 2011-இல் நகராட்சி போய்ச் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வந்தவர்களெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்திலா குடியேறினார்கள்? அங்கே நிலத்தின் விலை ஏழைக்கு எட்டுமா? அயப்பாக்கம் என்றும், கள்ளிக்குப்பம் என்றும், மேனாம்பேடு என்றும், ஒரகடம் என்றும் உள்ளே உள்ளே போனார்கள். பேருந்துக்குப் பக்கத்திலே மனை வாங்கியவர் மகிழுந்தும் வாங்கிவிட்டார். பேருந்தே கதி என்றிருப்பவர் பேருந்துக்குத் தொலைவிலே இருக்கிறார். இது விதியல்ல, நிலவிலை செய்த வேலை.

“அப்படியானால் பேருந்தை உள்ளே அனுப்புவதுதானே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2013-ஆம் ஆண்டு சென்னையிலே சிற்றுந்துகளை விட்டது அந்த எண்ணத்தில்தான், நல்ல எண்ணமே. சிற்றுந்து வேண்டும். முதியவர்க்கு வேண்டும், கைக்குழந்தைக்காரிக்கு வேண்டும், மிதிக்க முடியாத அனைவர்க்கும் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தெருவுக்கும் எல்லாப் பேருந்தையும் வளைத்து நெளித்து அனுப்பினால் என்ன ஆகும்? பத்துப் பேருந்துகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். நேர்ச்சாலையிலே போய்வர நூறு நிமிடம் பிடித்தால், பத்து நிமிடத்துக்கொரு பேருந்து வரும். அதே பத்தையும் சந்துக்குச் சந்து சுற்றவிட்டுப் போய்வர இருநூறு நிமிடமாக்கினால், இருபது நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். உள்ளே இருப்பவன் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலைக்குத் தாமதமாவான். வெளியே நிற்பவன் நின்றுகொண்டே தாமதமாவான். பேருந்துக்கு அழகு நேராகப் போவது, அடிக்கடி வருவது. மிதிவண்டிக்கு அழகு வளைந்து போவது, நினைத்தபோது புறப்படுவது. இரண்டையும் அதனதன் வேலையைச் செய்யவிடாமல், ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையிலே கட்டுகிறோம்.

இன்னொரு கேள்வியும் வரும். “மிதிவண்டியிலேயே வேலைக்குப் போய்விடலாமே, இடையிலே பேருந்து எதற்கு?” கேட்பவர் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையிலே காலை எட்டரை மணிக்கு ஒருநாள் மிதித்துவிட்டு வந்து கேட்கட்டும். இடப்பக்கம் குழி, வலப்பக்கம் கொள்கலன் லாரி, பின்னால் ஓயாத ஒலிப்பான். அந்தச் சாலையிலே என் தங்கையை மிதிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. உட்தெருவிலே மிதிவண்டி, நெடுஞ்சாலையிலே பேருந்து. எங்கே லாரி தொடங்குகிறதோ அங்கே இறங்கி, வண்டியைப் பூட்டிவிட்டு, பேருந்தின் பாதுகாப்புக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையைச் செப்பனிட்டு, மிதிவண்டிக்குத் தனிப்பாதை போடுவதற்கு ஆண்டுகள் ஆகும், ஆட்சிகளும் ஆகும். அதுவரை உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலே என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவிலே சியாட்டில் நகரில், 1990-களிலேயே பேருந்தின் முகப்பில் இரும்புச் சட்டம் பொருத்தினார்கள். பயணி தன் வண்டியை அதிலே ஏற்றி வைத்துவிட்டு உள்ளே போய் அமர்வார், இறங்கும்போது எடுத்துக்கொள்வார். பெங்களூரிலும் 2020-இல் சில பேருந்துகளில் அப்படிப் பொருத்திப் பார்த்தார்கள். காண அழகாக இருக்கிறது. செய்தித்தாளில் படம் போட ஏற்றது. ஆனால் ஒரு சட்டத்திலே இரண்டு வண்டி, மிஞ்சினால் மூன்று. காலை வேளையிலே நம் பேருந்திலே படிக்கட்டு வரை ஆள் நிற்கிறது. எண்பது பேரிலே இரண்டு பேருடைய வண்டிக்கு இடம் கொடுத்துவிட்டு, மற்ற எழுபத்தெட்டுப் பேருக்கு என்ன சொல்வது? அந்த இருவர் ஏற்றி இறக்கும்வரை பின்னால் நிற்கும் வண்டிகளெல்லாம் அலறுமே! நமக்கு ஏற்றது அது அல்ல என்பது என் எண்ணம். பேருந்தின் நெற்றியிலே இரண்டு வண்டிக்கு இடம் தேடுவதைவிட, நிலையத்தின் காலடியிலே இருநூறு வண்டிக்கு இடம் தரலாம்.

அதைச் செய்து காட்டியவர்கள் டச்சுக்காரர்கள். நெதர்லாந்திலே உட்ரெக்ட் என்னும் நகரத்தின் இரயில் நிலையத்துக்கு அடியிலே, மூன்று அடுக்காக ஒரு மிதிவண்டி நிறுத்துமிடம். 2019-இல் முழுமையாகத் திறந்தார்கள். எத்தனை வண்டிக்கு இடம் தெரியுமா? பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு! பணமில்லாமலா அவர்கள் மிதிக்கிறார்கள்? மகிழுந்து வாங்க வக்கில்லாமலா? அந்த நாட்டிலே அமைச்சரும் மிதிக்கிறார், அலுவலகம் துடைப்பவரும் மிதிக்கிறார். நிலையம் வரை மிதித்து, அங்கிருந்து இரயிலோ பேருந்தோ ஏறுவது அங்கே அன்றாடப் பழக்கம். இறங்குமிடத்திலும் இன்னொரு பழைய வண்டியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. இல்லாதவர்க்கு வாடகை வண்டியும் நிலையத்திலேயே உண்டு.

வாடகை வண்டி என்றதும் அதைப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையிலேயே 2019-இல் கைப்பேசியைத் தட்டினால் பூட்டுத் திறக்கும் வாடகை மிதிவண்டிகளைக் கொண்டுவந்தபோது, ஏதோ விண்ணுலகத்திலிருந்து இறங்கிய பொருளைப்போல் விழா எடுத்தார்கள். ஐயா, இது நம் வீட்டுச் சரக்கு! உங்கள் தெருமுனையிலே வாடகைச் சைக்கிள் கடை இருந்ததே, நினைவில்லையா? மட்கார்டிலே வெள்ளைச் சாயத்தால் எழுதிய எண். கடைக்காரருடைய நீண்ட நோட்டு. பெயர், தெரு, எடுத்த மணி, விட்ட மணி. தெரிந்த முகமானால் அடையாளம் கேட்க மாட்டார், தெரியாத முகமானால் தெரிந்த முகம் ஒன்றைக் கூட்டிவரச் சொல்வார். அரை மணிக்கு ஒரு வாடகை, ஒரு மணிக்கு ஒரு வாடகை. ஐந்து நிமிடம் தாமதமானால் சண்டை. காற்றடிக்கும் குழாய், பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்திலே ஒரு மர விசிப்பலகை, அதிலே நாளேடு. அரசியலை நான் முதலில் கற்றது அந்தப் பலகையில்தான். சின்ன வண்டியிலே குரங்குப் பெடல் போட்டு முழங்கால் தேய்த்துக்கொண்டதும் அங்கேதான். அந்தக் கடைகளை நாம் சாகவிட்டோம். பிறகு அயல்நாட்டுப் பெயரோடு திரும்பி வந்ததும் அதிசயம் என்று அண்ணாந்து பார்க்கிறோம்.

இதைவிடக் கசப்பான நினைவு ஒன்றும் உண்டு. ஒரு காலத்திலே நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி வாங்கின. கட்டியவர்க்கு ஒரு தகர வில்லை கொடுப்பார்கள், அதை வண்டியிலே மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் தண்டம். விளக்கில்லாமல் போனால் தண்டம். இருவர் ஏறிப் போனால் தண்டம். வரி வாங்கும்போது அந்த வண்டி அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தது, தண்டம் வாங்கும்போதும் தெரிந்தது. நிற்க இடம் கேட்கும்போது மட்டும் அது எப்படி மறைந்து போகிறது?

ஆவணங்களிலே மறைந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதல்ல, மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோள் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. 2014-இல் சென்னை மாநகராட்சியும், நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் முதலிடம் தருவதாக ஒரு கொள்கையை ஏற்றது. காகிதத்திலே குறையில்லை. அந்தக் காகிதத்தை மடித்து மேலே பிடித்தால் மழைக்குக்கூட ஒதுங்கலாம்.

இப்போது நம் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். எல்லாப் பழியையும் கோட்டையின்மீது போட்டுவிட்டுப் போனால் கைதட்டுவீர்கள். கைதட்டல் வேண்டாம், கொஞ்சம் உறுத்தல் வேண்டும். மிதிவண்டியை இழிவென்று எண்ணியவர்கள் யார்? நாம்தான்! என் தாத்தா காலத்திலே மாப்பிள்ளைக்கு மிதிவண்டி கொடுத்தால் அது மரியாதை. பிறகு மோட்டார் வண்டி கேட்டார்கள். இன்று மகிழுந்தின் சாவியைத் தட்டிலே வைத்தாலும் முகம் மலர மறுக்கிறது. (வரதட்சணை என்பதே வெட்கக்கேடு, அதை வேறொரு ஞாயிறு பேசுவோம்.) ஆலைக்கு மிதிவண்டியிலே வருபவன் கீழ், மோட்டார் வண்டியிலே வருபவன் மேல் என்ற பாகுபாட்டை யார் விதித்தார்கள்? பிறப்பிலே மேல்கீழ் இல்லை என்று முழங்கிய இந்த மண்ணில், சக்கரத்திலே மேல்கீழ் பார்க்கலாமா? மாதத் தவணை கட்டி வாங்கிய மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றவே பாதிச் சம்பளம் போகிறதென்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. அவர்களிலே பலருடைய வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் மூன்று கிலோமீட்டர் இராது.

மிதிவண்டி மானத்தைக் குறைக்கும் என்பவர்கள் புதுக்கோட்டையை எண்ணிப் பார்க்கட்டும். 1990-களின் தொடக்கத்திலே அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு கற்பிக்கப் போனவர்கள் மிதிவண்டியையும் கற்பித்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்லுடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், அங்கன்வாடியிலே பணிபுரியும் பெண்கள், பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது, நடுக்கம்பி போட்ட ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் தம் நூலிலே அதைப் பதிவு செய்திருக்கிறார். ஊர் சிரித்தது. அவர்கள் மணியடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அதுவரை பேருந்துக்காகவும், கூட்டிப் போகும் ஆணுக்காகவும் காத்திருந்தவர்கள், தாம் நினைத்த நேரத்திலே புறப்பட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அந்த வண்டி கொடுத்தது போக்குவரத்து மட்டுமா? எந்த மணிக்குப் போவது என்று தாமே முடிவு செய்யும் உரிமையைக் கொடுத்தது!

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் அரசு ஒரு கையாலே மாணவிக்கு மிதிவண்டி கொடுக்கிறது. மறு கையாலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுக்கிறது. இரண்டும் நல்ல கொடை, எந்தக் கட்சி ஆட்சியிலே வந்ததானாலும் நல்லதை நல்லதென்றே சொல்வேன். ஆனால் அந்த இரு கொடைகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. மிதிவண்டி கூடத்து மூலையிலே துருப்பிடிக்கிறது. பேருந்து நெடுஞ்சாலையிலே பாதி ஊரை விட்டுவிட்டுப் போகிறது. இவ்விரண்டையும் அறிமுகம் செய்து வைக்க ஒரு கொட்டகை போதும்.

வெயில் என்பீர்கள். அக்கினி நட்சத்திரத்திலே முப்பது நிமிடம் நடப்பவனுக்கு வெயில் அடிக்கவில்லையா? பத்து நிமிடம் மிதிப்பவனுக்கு மட்டுமா அடிக்கிறது? மழை என்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையிலே நம் தெருக்களிலே தண்ணீர் நிற்பது உண்மை, மிதிவண்டி நீந்தாது. அந்த நாள்களிலே ஷேர் ஆட்டோவிலே போங்கள். ஆண்டுக்குச் சில நாள் மழை என்பதற்காக, எஞ்சிய நாளெல்லாம் ஆட்டோவுக்குக் கட்டுவது என்ன கணக்கு?

சரி, என்ன வேண்டும்? நீளமான பட்டியல் வேண்டாம். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலே ஒன்று, தொழிற்பேட்டைப் பேருந்து நிலையத்திலே ஒன்று, என்று முதலில் இரண்டு இடத்திலே கூரை போட்ட மிதிவண்டி நிறுத்துமிடம். பெருஞ்செலவில்லை. தகரக் கூரை, இரவிலே எரியும் விளக்கு, வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டத்தக்க இரும்பு வளையம். ஒரு மகிழுந்து நிற்கும் இடத்திலே பத்து மிதிவண்டி நிற்கும், ஆகவே இருபது மகிழுந்து இடம் கொடுத்தால் இருநூறு குடும்பம் வாழ்த்தும். காவலுக்கு ஆள் வேண்டும். பூட்டைவிட மனிதக் கண் பெரிது, வேப்பமரத்தடியிலே நான் கற்ற பாடம் அது. அந்தப் பொறுப்பை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம். பக்கத்திலேயே காற்றடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் ஒரு கடை வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் வருமானம். மாதப் பேருந்துச் சீட்டு வைத்திருப்பவர்க்கும், கட்டணமில்லாமல் பயணம் செய்யும் பெண்களுக்கும் நிறுத்துக் கட்டணம் வாங்கக்கூடாது. இரவுப் பணி முடிந்து கடைசிப் பேருந்திலே வருபவர் இறங்கும்வரை அந்த விளக்கு அணையக்கூடாது.

தொழிற்பேட்டை முதலாளிகளிடமும் ஒரு சொல். நிறுத்தத்திலே இறங்கி உங்கள் வாயில்வரை இருபது நிமிடம் நடந்து வருகிறானே தொழிலாளி, அவனுக்காக நிறுத்தத்திலே பத்துப் பழைய மிதிவண்டிகளை நிறுத்தி வையுங்கள். உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணையில்லை.

கூட்டம் முடியுமுன் ஒரு வேண்டுகோள். நிலையத்திலே இடமில்லை என்று பதில் வரும், எனக்குத் தெரியும். அந்தப் பதில் வருமுன் நாமே அளந்துவிடுவோம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். சுவரோரம் எத்தனை அடி சும்மா கிடக்கிறது, உடைந்த விளம்பரப் பலகைகள் எத்தனை அடியை அடைத்திருக்கின்றன என்று அளந்து, படம் வரைந்து, மனுவோடு சேர்த்துக் கொடுப்போம். வீட்டு மூலையிலே கிடக்கும் வண்டியைத் தூசி தட்டி, காற்றடித்து, மிதித்து வாருங்கள். அந்தத் தையல் தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் யாராவது ஒருவர் நிலைய வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.